மணியடித்தால் கேரட்

குதிரை என்றதும் வீரம், வாள், ராஜா, ராணி என்று கற்பனை பண்ணிக்கொள்கிறவர்களை ஒரு வாரம் சாதிக்கோடு வேலைக்கு அனுப்பிவைக்க வேண்டும். விடிவதற்கு முன் லாயத்துக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது மூத்திர வாடை. அடுத்தது லத்தி. ஒரு குதிரை ஒரு நாளைக்குப் போடுகிற லத்தியை மண்வாரியால் அள்ளி, தள்ளுவண்டியில் ஏற்றி, மழை ஈரத்தில் வழுக்காமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால் ராஜா, ராணி எல்லாம் தானாக மறந்துபோகும்.

சாதிக்குக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தாறு வருஷம் பினாங்குக் குதிரைகளோடு போய்விட்டது. பந்தயத் திடலில் சைஸாகச் சேர்ந்தார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கையில் பிடித்து நடத்திப்போகிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். பிறகு காலைப் பயிற்சியில் குதிரை ஏறினார். அதற்கும் பிறகு ஒரு குதிரையின் உதையில் வலது முழங்கால் கெட்டு, கீழே நின்றபடியே பழக்குகிறவரானார். குடும்பத்தில் மற்ற ஆண்கள் அத்தனை பேரும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர்கள். வீட்டுக்குப் போகும்போது அவர்கள் சட்டையில் மீன்தலைக் குழம்பு மணக்கும், இவர் சட்டையில் குதிரை. உறவினர் கல்யாணங்களில் 'குதிரைக்கார சாதிக்' என்று சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது ஒரு பெருமை இருந்தது. இப்போது 'பாவம்' என்று ஒரு வார்த்தை கூடவே வருகிறது.

பந்தயம் நின்றுபோனதுதான் காரணம். திடலில் இருந்த குதிரைகள் ஆளுக்கொரு திசையாகப் போயின. விற்றவை போக மிஞ்சியவற்றுக்கு என்ன ஆனது என்று சாதிக் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள் என்ற பயம். அவர் பங்குக்கு மலையடிவாரத்தில் ஒரு வாடகை லாயத்தில் மூன்று குதிரைகள் வந்து சேர்ந்தன. ஓடத் தெரிந்த குதிரைக்கு நடக்கவும் நிற்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும், கண்காட்சிப் போட்டியில் இறக்கிக் காட்ட வேண்டும், யாராவது சவாரிப் பள்ளிக்காரர்களுக்குப் பிடித்துப்போக வேண்டும். இரண்டு குதிரைகள் அப்படிக் கரையேறிவிட்டன. மூன்றாவதுதான் மாப்பிள்ளை.

காகிதத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பேர். நெற்றி மயிரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கழுத்தை வளைத்து, யாரோ தன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே நிற்கிற பிராணியைச் சாதிக் வேறு எப்படிக் கூப்பிடுவார்? காயடித்த குதிரைக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்த புண்ணியவான் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் சொந்தக்காரர் டான். கெட்ட மனுஷன் இல்லை. எட்டு வருஷம் தீனி போட்டார், காலில் வீக்கம் வந்தபோது தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரும் களைத்துவிட்டார். இன்னும் மூன்று மாதத்துக்குள் யாராவது எடுத்துக்கொண்டால் சும்மாவே கொடுத்துவிடுவதாகவும், இல்லாவிட்டால் டாக்டரை வரச்சொல்லிவிடும்படியும் மலாயில் சொன்னார். சொல்லும்போது சாதிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரைக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் அது வைத்தியத்துக்கு இல்லை. ஒரே ஓர் ஊசி, அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்ள ஒருவர் இருந்தார். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட் தாண்டி, குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிற மேடம் ஓங். வந்து பார்த்தார், பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், எல்லாம் பிடித்தது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி வாசலில் நின்று ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய லாயத்துக்கு வேலி ஒட்டியே ஒரு பள்ளிக்கூடம். நாளைக்குப் பத்துத் தடவை மணி அடிக்கும். மணிச் சத்தத்துக்கு மிரளுகிற குதிரை மேல் குழந்தையை ஏற்ற முடியாது. அவர் நடத்துகிற போட்டியில், கூட்டத்துக்கு நடுவில், மணிக்கு அசையாமல் ஒழுங்காக உள்ளே போய் வெளியே வந்தால் அன்றைக்கே எடுத்துக்கொள்வார்.

சிக்கல் அங்கேதான். பந்தயக் குதிரைக்கு மணி என்றால் என்ன? பெட்டிக்குள் அடைத்து நிறுத்தியிருப்பார்கள், மணி அடிக்கும், முன்கதவு படாரென்று திறக்கும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மாப்பிள்ளை எட்டு வருஷம் அப்படி ஓடியது. மலையடிவார லாயத்துக்கு வந்த புதிதில் ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனதற்கே வேலியை உடைத்துக்கொண்டு போய், முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீனக் கல்லறைத் தோட்டத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

சாதிக் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பூஜைச் சாமான் கடையில் ஒரு கைமணி கேட்டார். கடைக்காரர் பக்கிரிசாமி தெரிந்தவர்தான்.

"என்ன பாய், யார் வீட்டுப் பூஜைக்கு?"

"குதிரைக்கு லா அண்ணே."

"குதிரைக்கா! நல்லதாப் போச்சு. கற்பூரமும் சேத்துக் கட்டட்டுமா?"

அன்றிலிருந்து ஒரே பாடம். மணியை ஒரு தடவை ஆட்டுவது, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு கேரட் எடுத்து நீட்டுவது. முதல் வாரம் கயிற்றின் நுனியில் குதிரை திமிறித் திமிறிச் சாதிக்கின் தோள்பட்டையைக் கழற்றிப் போட்டது. இரண்டாவது வாரம் நடுங்கிக்கொண்டே கேரட்டைத் தின்றது. நாலாவது வாரம் மணி கேட்டதும் காதைத் திருப்பி இவரைத் தேடியது. ஏழாவது வாரம், மணியடித்தால் குதிரை மரம் மாதிரி நின்றது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை மணி, நாற்பது துண்டு கேரட். மணியை ஆட்டுவதும் கை தானாகப் பைக்குள் போவதும் மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஆயர் ஈத்தாம் பக்கம் பத்தாவது மாடி வீடு. மனைவி ஹுஸ்னா தைல பாட்டிலோடு வந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வாள், வாயையும் திறந்துகொள்வாள்.

"ஏங்க, கேரட் வாங்குறீங்களே கிலோ கிலோவா, இந்த வீட்டுல யாராச்சும் கேரட்டக் கண்ணால பாத்தோமா?"

"இன்னும் கொஞ்ச நாளுதான் ஹுஸ்னா."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. எந்தம்பி அக்மலு இன்னிக்கும் போன் பண்ணுனான். கல்லாவுல உக்கார ஆளு வேணுமாம். மேல ஃபேன் ஓடுது, கீழ மெத்த வச்ச நாற்காலி. மச்சான் வந்து சும்மா உக்காந்தா போதும்னு சொல்றான் லா. இந்தக் கால வச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு?"

"இந்த ஒண்ணு போகட்டும். இதோட சரி."

சொல்லிவிட்டுச் சாதிக்கே திடுக்கிட்டார். வாய்க்கு வந்த சமாதானம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். உடம்பு எப்போதோ முடிவு பண்ணிவிட்ட விஷயம் இன்றைக்குத்தான் வாய் வழியாக வெளியே வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிவிட்டால் போதும், அதற்கப்புறம் எந்த ஃபேனுக்குக் கீழே வேண்டுமானாலும் உட்காரத் தயார். ஊசிக்குக் கொடுத்துவிட்டு உட்கார மட்டும் முடியாது.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. ஏறி ஓட்டப் போகிறவள் ஷர்மினி. முப்பது வயது, ஆஸ்பத்திரியில் நடக்க முடியாத நோயாளிகளுக்கு நடை பழக்கிவிடுகிற வேலை, விடுமுறை நாளில் குதிரை. மாப்பிள்ளையை அவளுக்கும் பிடிக்கும் என்பதால் காசு வாங்காமல் ஓட்ட வந்தாள். இது ஓட்டப் பந்தயம் கிடையாது, நடை காட்டுகிற போட்டி. மணல் பரப்பைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பலகை வேலி போட்டிருப்பார்கள். குதிரை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவர் மணி அடிப்பார். குறித்த நேரத்துக்குள் உள்ளே போய், சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்று, வணக்கம் வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை. சாதிக் வேலியோரம் நின்று, பெருமை தாங்காமல் மணியை ஒன்றுக்கு இரண்டு தடவை ஆட்டினார்.

மாப்பிள்ளை ஓடவில்லை. மிரளவில்லை. சட்டென்று நின்றது. காதைத் திருப்பியது. பிறகு மேலே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்து, நிதானமாக, மிகுந்த மரியாதையோடு சாதிக்கிடம் நடந்து வந்து சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. ஷர்மினி கடிவாளத்தை இழுத்தாள், குதிகாலால் இடித்தாள், கெஞ்சினாள். கேரட் தின்று முடியும்வரை அது அசையவில்லை.

"அங்கிள், என்ன இது?"

"மிரளலயேம்மா! பாத்தியா, கொஞ்சங்கூட மிரளல."

"மிரளல அங்கிள். ஆனா உள்ள போகல லா. மணி அடிச்சா உள்ள போகணும், உங்ககிட்ட வரக் கூடாது. அன்னிக்கி இப்படி வந்து நின்னுச்சுன்னா டைம் ஓடிரும், வெளிய போன்னு சொல்லிருவாங்க. மேடம் அதோட கிளம்பிப் போயிருவாங்க."

சாதிக் மணியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், தன் சட்டைப் பையைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷப் பழக்கம் காலை வாரிவிட்டது. பந்தயத்தில் மேலே ஏறுகிறவன் இரண்டு நிமிஷ விருந்தாளி. குதிரைக்குத் தாயும் தகப்பனும் கீழே நிற்கிற சைஸ்தான். தண்ணீர், தீனி, தட்டிக்கொடுப்பது எல்லாம் கீழேயிருந்து வரும். அந்தப் பழக்கத்தில் ஏழு வாரமும் கேரட்டைக் கீழே நின்றே கொடுத்திருக்கிறார். மேலே இருக்கிறவள் கையிலிருந்து வர வேண்டும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. சவாரிப் பள்ளியில் பழகிய சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. பந்தயக்காரன்தான் செய்வான்.

மீதி ஆறு நாளும் ஓட்டமாக ஓடின. ஷர்மினி வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். அவள் ஏறி உட்கார்ந்திருக்க, மணியடித்ததும் மேலேயிருந்து குனிந்து சர்க்கரைக் கட்டி கொடுப்பாள். மாப்பிள்ளை சர்க்கரையை வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்டு சாதிக்கிடம் வரும். இரண்டு பக்கமும் சாப்பிடலாம் என்று மட்டும்தான் கற்றுக்கொண்டது. புதன்கிழமை மழை கொட்டிப் பயிற்சியே நடக்கவில்லை. வியாழக்கிழமை சாதிக்குக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வலி தாங்காமல் வைக்கோல் அறைக்குள் போய் ஒரு மூட்டை மேல் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். ஷர்மினி வந்து எழுப்பியபோது அவள் தலையில் இன்னும் தொப்பி இருந்தது.

"அங்கிள், போனிலயே மணிச் சத்தம் வச்சி நானே பழக்கிப் பாத்தேன். நின்னுச்சு, திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நீங்க எங்கயும் இல்லன்னு தெரிஞ்சதும் நான் சொன்னதக் கேட்டு உள்ள போயிருச்சு. மூணு தடவ."

சாதிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சனிக்கிழம நீங்க அங்க இருக்கக் கூடாது அங்கிள்."

சனிக்கிழமை காலை நாலு மணிக்கே எழுந்து லாயத்துக்குப் போனார். குதிரையைக் குளிப்பாட்டினார், குளம்புக்கு எண்ணெய் தடவினார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நல்ல காலை ஊன்றி ஏறி நின்று, பிடரி மயிரைப் பதினாறு பங்காகப் பிரித்துப் பின்னி, ஒவ்வொரு பின்னலையும் சுருட்டிக் கறுப்பு நூலால் தைத்தார். சொந்த மகளுக்கு ஒரு நாள் தலை பின்னியது கிடையாது. மாப்பிள்ளை கழுத்தை ஆட்டாமல் நின்றது, அவ்வப்போது இவர் சட்டைப் பையை மட்டும் முகர்ந்து பார்த்தது. பை காலியாக இருந்தது.

லோரியில் குதிரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாலத்தைக் கடந்தார். போட்டி நடக்கிற திடலில் இறக்கிச் சேணம் கட்டினார், வயிற்று வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், ஷர்மினியைத் தூக்கி ஏற்றிவிட்டார். எத்தனையோ குதிரைகளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆள் அவர். இன்றைக்குக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கேரட் வாடை போக வேண்டும். குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கவில்லை. தட்டினால் அது திரும்பிப் பார்க்கும். அப்படியே வெளிவாசல் வழியாக நடந்து, காற்று அந்தப் பக்கமிருந்து தன் மேல் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, செம்பனை மரங்களைத் தாண்டிச் சாலையோரத்து பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்.

ஷர்மினிக்குப் பத்து இருபதுக்கு முறை. அங்கிருந்து மணி கேட்கும் என்று நினைத்திருந்தார். மணலும் கல்லும் ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை. பத்து இருபது ஆனது. பத்து இருபத்தைந்து. இந்நேரம் நின்றிருக்குமா, திரும்பிப் பார்த்திருக்குமா, வேலியைத் தாண்டி ஓடியிருக்குமா? வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார். இவ்வளவு பயம் தன் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட வந்ததில்லை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, பயம் மட்டும் குறையவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, இவர் ஏறாததைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

"அங்கிள்! முடிஞ்சிருச்சு. எட்டுப் பேருல ஆறாவது."

"ஆறாவது கெடக்கட்டும். மணிக்கு?"

"நின்னுச்சு. கூட்டத்துல ஒவ்வொரு மொகமாப் பாத்துச்சு. எனக்கு உயிரே போயிருச்சு லா. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுட்டு உள்ள போயிருச்சு. மேடம் சரின்னுட்டாங்க அங்கிள். இன்னிக்கே இங்கயே வச்சிக்கிறாங்களாம். லோரிய வெறுமனே அனுப்பிரலாம்னு சொல்றாங்க. வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க. இனிமே பயமில்ல."

சாதிக் எழுந்தார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வழியில் ஒரு மளிகைக் கடையில் நுழைந்து இரண்டு கேரட் வாங்கி, கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிறுத்தியிருந்த லோரிகளின் பின்பக்கமாக வந்தவர், கடைசி லோரியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை முப்பதடி தள்ளி ஒரு மரத்தடியில் கட்டியிருந்தது. பதினாறு பின்னலும் அவிழாமல் அப்படியே இருந்தன. பக்கத்தில் மேடம் ஓங் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் அடுத்த போட்டிக்கு மணி அடித்தது.

மாப்பிள்ளை தலையைத் தூக்கியது. காதைத் திருப்பி இடது பக்கம் தேடியது, வலது பக்கம் தேடியது. சாதிக் சட்டென்று பின்வாங்கி லோரிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். அது தன்னைத்தான் தேடுகிறது, ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். மறுபடி எட்டிப் பார்த்தபோது மேடம் ஓங் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு குனிந்து அந்தக் கையிலிருந்து வாங்கித் தின்றது. தின்றுவிட்டு, அந்த அம்மாளின் தோளில் மூக்கைத் தேய்த்தது.

இப்போது போய் முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று சாதிக்குக்குத் தெரியும். நாளைக்கும் மறுநாளும், பள்ளிக்கூட மணி அடிக்கிற பத்துத் தடவையும், அது வேலியோரம் வந்து நின்று இவர் வருவாரா என்று பார்க்கும். குழந்தை மேலே இருந்தாலும் பார்க்கும். பத்து நாளில் மேடம் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பி அனுப்பினால் டாக்டர்தான். சாதிக்குக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. பார்க்க அங்கே ஆளும் இல்லை. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய் லோரியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். பாலத்தில் போகும்போது ஒரு கேரட்டை லோரிக்காரருக்குக் கொடுத்தார், இன்னொன்றைத் தானே கடித்துத் தின்றார்.

அடுத்த வாரம் டத்தோ கெராமாட் சாலையில் அக்மலின் கடையில், ஃபேனுக்குக் கீழே, மெத்தை வைத்த நாற்காலியில் சாதிக் உட்கார்ந்தார். சொன்னது மாதிரியே சுகமான வேலை. வெள்ளைச் சட்டை, தொப்பி, எதிரே சில்லறைப் பெட்டி. உடம்பில் குதிரை வாடை போய்க் குழம்பு வாடை வந்துவிட்டது. ஹுஸ்னா மூன்று நாளாகத் தைல பாட்டிலைத் தேடவில்லை.

அந்தக் கடையில் ஒரு பழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோகிற தப்பாவ் பொட்டலம் கட்டி முடிந்ததும், வாங்கிக்கொள்ள ஆள் வரும்படி, பரிமாறுகிறவர் மேஜை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். மத்தியான நேரத்தில் நிமிஷத்துக்கு ஒரு மணி. முதல் நாள் மணி அடித்ததும் சாதிக்கின் வலது கை எழுந்து சட்டைப் பைக்குள் போனது. அடுத்த மணிக்கும் போனது. அக்மல் சோற்றுத் தட்டோடு அந்தப் பக்கம் போனவன் நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், பையில எதையும் தொலச்சிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல லா," என்றார் சாதிக்.

மறுபடியும் மணி அடித்தது. கையை நாற்காலியின் பிடியில் அழுத்தி வைத்துக்கொண்டார். அப்படியும் அது பாதி தூரம் எழுந்துவிட்டது.